சன்ஷேடு கம்பி மேலேயா, கீழேயா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 29. எம்.இ. ஸ்ட்ரக்சுரல் முடித்துவிட்டு, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் நான்கு வருஷமாக உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். சம்பளம் 24,000. வாரத்துக்கு 18 மணி நேரம் வகுப்பு, மீதி நேரமெல்லாம் என்பிஏ தர அங்கீகாரத்துக்கான ஃபைல். ஏப்ரல், மே வந்தால் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். தலைக்கு இத்தனை என்று கணக்கு உண்டு. மாணவர்களில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். ஆங்கிலத்தில் நடத்தினால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் போனைப் பார்க்கிறார்கள். நீங்கள் எழுதும் கல்லூரி நினைவுகளைப் படித்தால், அந்தக் காலத்து ஆசிரியர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று தோன்றுகிறது. போன மாதம் ஆர்சிசி (கம்பி போட்ட காங்கிரீட்) வகுப்பில் சன்ஷேடு டிசைன் நடத்தி, பலகையில் குறுக்குவெட்டுப் படம் போட்டேன். ஒரு மாணவன் எழுந்து, "மேடம், எங்கப்பா கம்பி கட்டுறவர். சன்ஷேடுக்கு மெயின் கம்பியை மேலதான் கட்டுவார். நீங்க கீழ போட்டிருக்கீங்க" என்றான். "அது வேற கேஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். அதற்கப்புறம் அவன் வகுப்பில் வாயே திறப்பதில்லை. நான் இந்த வேலைக்கு லாயக்குத்தானா? பிஎச்டி பண்ணு என்கிறது கல்லூரி. வேலையை விடு என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை

பதில்:

அன்புள்ள அம்மா,

சம்பளம், ஃபைல், அட்மிஷன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் போகிற போக்கில் அந்தச் சன்ஷேடைத் தொட்டிருக்கிறீர்கள். கடிதம் எழுத வைத்தது அதுதான் என்று எனக்குப் படுகிறது. சம்பளம் நான்கு வருஷமாகக் குறைவு. இந்தக் கடிதம் போன மாதத்துக்கு அப்புறம்தான் வந்திருக்கிறது. ஆகவே சன்ஷேடிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பையன் சொன்னது சரி. நீங்கள் ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்புவதற்குள் உங்களுக்கே அது தெரிந்திருக்கும். முந்தின வகுப்பில் ரூஃப் ஸ்லாப் நடத்தியிருப்பீர்கள், கை அதே படத்தைப் போட்டிருக்கும். இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் ஸ்லாப் நடுவில் தொய்யப் பார்க்கும், அடிப்பக்கம் இழுபடும், கம்பி கீழே. சன்ஷேடோ ஜன்னலுக்கு மேலே போகும் லிண்டல் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கை. அதன் நுனி கீழே தொங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். காங்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். இழுபடுகிற பக்கம் எதுவோ அங்கேதான் கம்பிக்கு வேலை. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பக்கத்தைக் கொத்தனார் மகன்களும் மகள்களும் படிப்பார்கள், அதற்காக எழுதிவைக்கிறேன்.

தவறு செய்தது பெரிய விஷயமில்லை அம்மா. நான்கு வருஷத்தில் ஒரே ஒரு தவறு என்றால் நீங்கள் என்னைவிடக் கெட்டி. ஆனால் அந்தப் படம் இன்னும் அத்தனை பேர் நோட்டிலும் இருக்கிறது. அதில் யாரோ ஒருவர் இரண்டு வருஷம் கழித்து ஒரு சைட்டில் நின்றுகொண்டு, "கம்பியைக் கீழே இறக்குங்க" என்று சொல்லலாம். அனுபவமுள்ள கம்பிக்காரர் சிரித்துக்கொண்டு தன் வேலையைப் பார்ப்பார். புதிதாக வந்தவராக இருந்தால் சொன்னபடி செய்துவிடுவார். சென்ட்ரிங் பிரிக்கும் அன்று என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் அடுத்த வகுப்பிலேயே, பாடம் தொடங்குவதற்கு முன்னால், பலகையில் அதே படத்தைப் போடுங்கள். "போன மாதம் நான் போட்டது தப்பு. மெயின் கம்பி மேலே வர வேண்டும். இவன் சொன்னதுதான் சரி, நான்தான் மழுப்பிவிட்டேன். எல்லாரும் நோட்டில் அடித்துத் திருத்துங்கள்." இவ்வளவு போதும். அவசரத்தில் வந்தது, தலைவலி என்று காரணம் சேர்க்காதீர்கள். பையனை முன்னால் கூப்பிட்டுக் கைதட்டச் சொல்வது போன்ற காரியமும் வேண்டாம், அவனுக்குக் கூச்சமாகிவிடும்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. மெத்தை தைக்கும் கடையில் ஒரு முழ நீளத்துக்கு ஃபோம் துண்டு கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். அதன் பக்கவாட்டில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றாக நேர்க்கோடு போடுங்கள். இரண்டு டஸ்டர்மேல் பாலம் மாதிரி வைத்து நடுவில் விரலால் அழுத்தினால் கோடுகள் அடியில் விரியும், மேலே நெருங்கும். இப்போது ஒரு நுனியை மேஜையில் அழுத்திப் பிடித்து, மறு நுனியை வெளியே தொங்க விடுங்கள். மேலே விரியும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் தெரியும். அந்த விரிசலில் ஒரு நூலைத் தைத்துக் காட்டுங்கள், அதுதான் கம்பி. நான் 30 வருஷம் ஒரே துண்டு ஃபோமை வைத்திருந்தேன். கடைசியில் எலி கடித்துவிட்டது.

இப்போது என் கதை. உங்களைத் தேற்றுவதற்காக இட்டுக்கட்டியது என்று நினைக்காதீர்கள். இதை இத்தனை வருஷம் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம்தான்.

1981. தெற்கே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எனக்கு 25 வயது, மாணவர்களில் சிலருக்கு 22. மீசையை அடர்த்தியாக வைத்துக்கொண்டால் மரியாதை வரும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம். சாயில் மெக்கானிக்ஸ் நடத்திக்கொண்டிருந்தேன். மண்மேல் பாரம் ஏறினால் மண் அமுங்கும் என்பதற்கு உதாரணம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருந்த உதாரணத்தை விட்டுவிட்டு, ஊருக்குப் பொருத்தமாகச் சொல்கிறேன் பேர்வழி என்று, "கண்மாய் நிறைந்து மூன்று மீட்டர் தண்ணீர் நின்றால், அடியில் இருக்கும் மண்மேல் சதுர மீட்டருக்கு மூன்று டன் ஏறுகிறது, அந்த எடையில் மண் அமுங்கி இறுகுகிறது" என்றேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். ராமநாதபுரத்துப் பக்கத்துப் பையன். "சார், கண்மாய் பெருகிக் கிடக்கும்போது அடிச்சகதி கொழகொழன்னுதான் இருக்கும், கால் வச்சா முழங்கால் மட்டும் உள்ள போகும். தண்ணி வத்துனப்புறம்தான் மண்ணு இறுகும், வெடிக்கும். நீங்க சொல்றது தலைகீழா இருக்கே?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உட்காருப்பா, அது வேற, இது வேற."

உங்கள் கடிதத்தில் அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. 40 வருஷத்துக்கு முன்னால் நான் பேசியதை யாரோ திருப்பிச் சொன்ன மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி ஹாஸ்டல் வார்டன் அறையில் (சம்பளம் பற்றாமல் வார்டன் வேலையும் பார்த்தேன்) உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று மீட்டர் தண்ணீர் ஏறினால் மொத்த அழுத்தம் மூன்று டன் கூடுவது உண்மைதான். ஆனால் மண்துகள்களுக்கு நடுவில் இருக்கும் தண்ணீரின் அழுத்தமும் அதே மூன்று டன் கூடுகிறது. துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்துவதில் கூடுதலாக ஒன்றும் இல்லை. மூன்றிலிருந்து மூன்று போனால் பூஜ்யம். ஏற்கெனவே தண்ணீர் நிறைந்த மண்ணுக்குத் தலைக்குமேல் மூன்று மீட்டர் நின்றாலும் முப்பது மீட்டர் நின்றாலும் ஒன்றுதான். மாறாக, தண்ணீர் வற்றும்போது துகள்களுக்கு நடுவில் மிச்சம் இருக்கும் ஈரம் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது, மண் சுருங்குகிறது, வெடிக்கிறது. மண் பொறியியலின் தந்தை எனப்படும் டெர்சாகி இஸ்தான்புல்லில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டே சோதனை செய்து கண்டுபிடித்து, 1925-ல் புத்தகமாகப் போட்ட விஷயம். பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். எம்.இ.-யில் அதைத்தான் இரண்டு வருஷம் படித்தேன். புரிந்தது அன்று ராத்திரிதான். புரிய வைத்தவன் கண்மாய்ச் சகதியில் கால் வைத்த பையன்.

மறுநாளே போய்த் திருத்தினேன் என்று எழுத ஆசை. திருத்தவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வகுப்புக்கும் "இன்றைக்குச் சொல்லிவிடலாம்" என்று போவேன், வராண்டாவில் நடக்கும்போதே மனசு மாறிவிடும். கடைசியில் இன்டர்னல் டெஸ்டில் 11 பேர் நான் சொன்ன தப்பை அப்படியே எழுதிவைத்திருந்தார்கள். நான் சொன்னதை நானே சிவப்பு மையில் அடிக்க வேண்டும். அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை. பேப்பர் கொடுக்கும் அன்று சொன்னேன். உள்ளங்கை வேர்த்திருந்தது. வகுப்பு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. நாலு பேர் நோட்டில் திருத்தினார்கள். ஒருவன், "சார், அப்ப அந்த 11 பேருக்கு மார்க் உண்டா?" என்று கேட்டான். கொடுத்தேன். மணி அடித்துவிட்டது.

அந்தப் பையன் பிற்காலத்தில் தலைமைப் பொறியாளர் ஆகி, ரயிலில் என்னைப் பார்த்துக் காலில் விழுந்தான் என்று முடிய வேண்டிய கதை இது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. ஆனால் மறு வாரத்திலிருந்து வகுப்பில் கேள்வி வர ஆரம்பித்தது. முதலில் அவன், அப்புறம் அவன் பக்கத்தில் இருப்பவன். நான் மீசை வைத்துச் சாதிக்காதது அது.

அந்தக் காலத்து ஆசிரியர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்கிறீர்கள். கொஞ்சம் என்மேலும் தப்பு. நினைவுகளை எழுதும்போது சர்தார் படேல் சாலையில் பல்லவன் பஸ்ஸை விட்டு இறங்கி, கிண்டிப் பொறியியல் கல்லூரியின் அந்தச் சிவப்புக் கட்டடத்தை நோக்கி நடந்த காலையைத்தான் எழுதத் தோன்றுகிறது. முழுக் கணக்கையும் வைத்தால்தான் நியாயம்.

நான் கிண்டியில் பி.இ. சேர்ந்தது 1973. பள்ளிக்கு அப்புறம் ஒரு வருஷம் பியுசி முடித்துவிட்டு ஐந்து வருஷப் படிப்பு. 1794-ல் சர்வே பள்ளியாக ஆரம்பித்து, 1920-ல் கிண்டிக்குக் குடிவந்த கல்லூரி. நாங்கள் வெளியே வந்த 1978-ல்தான் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. எங்கள் பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்கப் பொறியியல் கல்லூரிகளை இரண்டு கை விரல்களில் எண்ணிவிட்டு, இன்னும் ஓரிரு விரல் மடக்கினால் முடிந்துவிடும். அவ்வளவு சின்ன வாசலில் நுழைந்து வந்தவர்களுக்குத்தான் எங்கள் ஆசிரியர்கள் நடத்தினார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் நடத்தினேன். சலித்து எடுத்த அரிசியில் கல் இல்லை என்று உலைவைத்தவள் பெருமைப்பட்டுக்கொள்ள முடியுமா?

1984-ல் தனியார் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. அப்புறம் எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது. தரம் போச்சு என்று என் வயதுக்காரர்கள் புலம்புவார்கள், நானும் அந்தக் கச்சேரியில் பக்கவாத்தியம் வாசித்திருக்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஒன்று உறைத்தது. கம்பி கட்டுகிறவரின் மகன் 1973-ல் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்களும் பலகை முன்னால் நின்றிருக்க மாட்டீர்கள். கிண்டியில் பெண்கள் படிக்க வந்ததே 1940-களில். லலிதா, திரேசியா, லீலாம்மா என்று மூன்று பேர். சான்றிதழில் 'அவன்' என்று ஆண்பாலில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டுப் பெண்பாலாக்கிக் கொடுத்தார்கள் என்பது அங்கே படித்த எல்லாரும் கேட்ட கதை. அந்தத் திரேசியா பிற்பாடு கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். அந்த மூன்று பேர் படிக்க வந்து 30 வருஷத்துக்கு அப்புறமும் எங்கள் வகுப்புப் பெண்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம்.

அன்றைய கல்லூரிகள் பலவற்றில் ராகிங் ஏதோ திருவிழா மாதிரி நடந்தது. 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போடுகிற அளவுக்கு அது முற்றிய பிறகுதான் பெரியவர்களுக்கு உறைத்தது. ஆசிரியரைக் கேள்வி கேட்பதும் வழக்கமில்லை. தமிழ்வழியில் படித்து வந்த நான் முதல் வருஷம் முழுக்க வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. 'பெர்மிஷன்' என்ற சொல்லைத் தப்பாக உச்சரித்துவிடுவோமோ என்று பயந்து, காய்ச்சலோடு வொர்க்‌ஷாப்பில் ராவிக்கொண்டு நின்றிருக்கிறேன். உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களே அந்தப் பாதிப் பேர், அவர்களுக்குப் புரியவில்லை என்று அவசரப்பட்டு முடிவுகட்டாதீர்கள். நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழில் விளக்குங்கள். "ஆங்கிலத்தில்தான் நடத்த வேண்டும்" என்று சர்க்குலர் இருந்தால், கலைச்சொல்லைப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வாயால் தமிழில் சொல்லுங்கள். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியிலேயே நடத்த ஆரம்பித்தார்கள், ஆகவே இது தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை. 'பெண்டிங் மொமென்ட்' என்று ஏழு முறை சொல்வதைவிட, "குடத்தை இடுப்பில் வைத்தால் கனக்காது, அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் தோள் விட்டுப்போகும், ஏன்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

கிண்டியில் கற்றதில் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது இரண்டு விஷயம். ஒன்று ஸ்லைடு ரூல், கால்குலேட்டர் வருவதற்கு முன்னால் பெருக்க வகுக்க வைத்திருந்த நகரும் அளவுகோல். 2.35-ஐ 4.8-ஆல் பெருக்கினால் அது 113 என்று காட்டும். அது 1.13-ஆ, 11.3-ஆ, 113-ஆ என்பதை அது சொல்லாது, நம் தலைதான் சொல்ல வேண்டும். ஆகவே கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே விடை ஏறக்குறைய எங்கே வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் வருஷத்தில் ஒருவனுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து ஒரு கால்குலேட்டர் கொண்டுவந்தார். கல்யாண வீட்டில் குழந்தையை வாங்கி வாங்கிப் பார்ப்பது போல ஹாஸ்டல் முழுக்க அது கைமாறியது. ஸ்லைடு ரூலின் காலம் அதோடு முடிந்தது, அந்தப் பழக்கத்தின் காலமும்தான்.

பிற்காலத்தில் ஒரு மாணவி 9 அங்குலச் சுவர்மேல் வரும் சாதாரணப் படுக்கையறை லிண்டலுக்குக் கம்பிப் பரப்பு 4,521 சதுர மில்லிமீட்டர் என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள். தசமப் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போயிருக்கிறது. நான் மார்க்கைக் குறைக்காமல், "20 மி.மீ. கம்பியாகப் போட்டால் எத்தனை வரும்?" என்று கேட்டேன். கணக்குப் போட்டு, "15 சார்" என்றாள். "230 மி.மீ. அகலத்தில் 15 கம்பியை வரிசையாக வைத்து வரைந்து காட்டு." வரைய ஆரம்பித்து ஏழாவது கம்பியில் அவளே சிரித்துவிட்டாள். உங்கள் வகுப்பில் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்னால் உத்தேச விடையைப் பலகையில் எழுத வையுங்கள். யார் கிட்டத்தில் வருகிறார்கள் என்று போட்டியே வைக்கலாம். போன் பார்க்கும் கூட்டத்தில் பாதி இந்தப் பந்தயத்துக்கு வந்துவிடும். மீதி வராது, அதற்கு என்னிடமும் மருந்து இல்லை.

இரண்டாவது விஷயம் சர்வே கேம்ப். ஏலகிரி அடிவாரத்தில் பத்து நாள். ஆறு பேர் ஒரு குழு, எங்களுக்கு ஆறு ஸ்டேஷன்களைச் சுற்றி அளந்து தொடங்கிய இடத்துக்கே வரும் டிராவர்ஸ். கோணம் அளக்கும் தியோடலைட்டை வைத்து ஆறு உள்கோணங்களை அளந்தால் கூட்டுத்தொகை 720 டிகிரி வர வேண்டும். நான்கு கோணம் அளந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மிச்சம் இரண்டையும் புளியமரத்தடியில் உட்கார்ந்து, கணக்குக்குத் தக்கபடி 'அளந்து' முடித்தோம். 720 டிகிரி, 0 நிமிஷம், 0 விநாடி. எங்களுக்கு ஒரே பெருமை.

எங்கள் ஆசிரியர் களப்புத்தகத்தைப் புரட்டினார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதில்லை. "அடித்தல் திருத்தல் ஒன்றுகூட இல்லை, வேர்வை பட்ட கறையும் இல்லை" என்றார். "கருவியில் 20 விநாடிக்குக் கீழே வாசிக்கவே முடியாது. ஆறு கோணமும் அளந்து உங்களுக்குப் பிழையே வரவில்லை. சர்வேயர் லாம்ப்டன் 1802-ல் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து, அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாகப் பெங்களூர் வரைக்கும் போய் அங்கே சரிபார்த்தபோது அவருக்கே நான்கு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிழை வந்தது. நீங்கள் அவரைவிடக் கெட்டிக்காரர்கள் போலிருக்கிறது." புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாள் ஆறு கோணத்தையும் மறுபடி அளந்தோம். 40 விநாடி இடித்தது. பயந்துகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தோம். "ஆங், இதுதான் அளந்தது" என்று கையெழுத்துப் போட்டார். ஆறு கோணத்துக்கு 49 விநாடி வரை பிழை போகலாம் என்று அப்புறம்தான் சொல்லிக்கொடுத்தார்.

லாப் ரெக்கார்டு திருத்தும்போது இதை நினைத்துக்கொள்வேன். குழாயில் ஓடும் தண்ணீரை அளக்கும் வென்சுரி மீட்டர் சோதனையில் ஆறு வாசிப்பும் 0.98 என்று வந்தால் அது போன வருஷத்து ரெக்கார்டு. ஒன்று 0.93 என்று இடித்துக்கொண்டு நின்றால் அந்தக் குழு உண்மையிலேயே வால்வைத் திறந்திருக்கிறது. அவர்களுக்குத்தான் முழு மார்க். உங்கள் கல்லூரியில் இதற்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள், நீங்கள்தான் மார்க் போடுகிறீர்கள்.

ஃபைல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014-ல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பு நாடானது. அதிலிருந்து, மாணவன் என்ன கற்றான் என்பதை அளந்து காட்ட வேண்டும் என்ற கட்டாயம். எண்ணம் நல்லதுதான். நடைமுறையில் அது, பாடத்தின் பலனையும் படிப்பின் பலனையும் பொருத்திக் காட்டும் சிஓ-பிஓ கட்டங்களில் 3, 2, 1 நிரப்புகிற வேலையாகிவிட்டது. எங்கள் புளியமரத்தடிக் கணக்கு மாதிரியே என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு சாயங்காலம் அதற்கென்று ஒதுக்கி, அன்றோடு மூடிவைத்துவிடுங்கள்.

சம்பளம் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். பென்ஷன் வாங்குகிறவன் சொன்னால் நன்றாக இருக்காது. ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். உங்களுக்கு வருவது அதில் பாதிகூட இல்லை. 'ஆசிரியர் பணி அறப்பணி' என்று மேடையில் பேசுகிறவர்கள் மாசக் கடைசியில் உங்கள் கேஸ் சிலிண்டருக்குப் பணம் கட்டப் போவதில்லை. வேலையை விட வேண்டும் என்று தோன்றினால் விடலாம், அதில் கேவலம் எதுவும் கிடையாது. ஆனால் சன்ஷேடு தப்பினால் விடாதீர்கள். முதலில் அதைத் திருத்திவிட்டு, இந்த செமஸ்டரை முடித்துவிட்டு, அப்புறம் சம்பளத்தை வைத்து முடிவெடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், போகிற இடத்திலும் அந்தப் பையன் கூடவே வருவான்.

என்னைக் கேட்டால் ஒன்றிரண்டு வருஷம் சைட்டுக்கோ டிசைன் ஆபீசுக்கோ போய்விட்டு வரலாம். நான் அதைச் செய்யவில்லை, செய்திருக்க வேண்டும். 1978-ல் காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 மாறி, லிமிட் ஸ்டேட் என்ற புது டிசைன் முறை வந்தது. நான் படித்ததெல்லாம் பழைய முறை. அதற்கான எஸ்பி 16 கையேடு 1980-ல் வந்தது. ஆள் பற்றாக்குறையில் ஆர்சிசியையும் என் தலையில் கட்டினார்கள். முந்தின நாள் ராத்திரி படித்து மறுநாள் காலையில் நடத்தினேன். கட்டடத்தைக் கண்ணால் பார்த்த அனுபவம் இருந்திருந்தால் அந்த இரண்டு வருஷ மாணவர்கள் தப்பித்திருப்பார்கள். நீங்கள் கிளம்புவதானால் முதலில் உங்கள் அசல் சான்றிதழ்கள் யாரிடம் இருக்கின்றன என்று பாருங்கள். கல்லூரிகள் அவற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏஐசிடிஇயே சொல்லியிருக்கிறது. எழுத்தில் கேளுங்கள், நகல் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்டி? கல்லூரிக்கு எண்ணிக்கை வேண்டும் என்பதற்காகப் பண்ணாதீர்கள். ஐந்தாறு வருஷம் போய்விடும். யாழ்ப்பாணத்தில் பிறந்த மண் பொறியாளர் துரைராஜா ஆராய்ச்சிக்குக் கேம்பிரிட்ஜ் போனார். மண் சறுக்கும்போது சக்தி எங்கே செலவாகிறது என்று துருவிக்கொண்டே இருந்தார். ரோஸ்கோ, ஸ்கோஃபீல்டு, துரைராஜா என்று மூன்று பெயரில் 1963-ல் வந்த அந்தக் களிமண் கட்டுரையை இன்றைக்கும் உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். அவர் இலங்கைக்கே திரும்பி வந்து பாடம் நடத்தினார், பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். அவர் அளவுக்கு உங்களையோ என்னையோ யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் உங்களைத் துளைக்கிற கேள்வி என்று ஒன்று இருக்க வேண்டும். இப்போதைக்கு உங்களைத் துளைப்பது சன்ஷேடு. அது போதும், அதிலிருந்து ஆரம்பியுங்கள்.

பையனிடம் அவன் அப்பாவுக்கு எங்கே வேலை நடக்கிறது என்று கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வர விருப்பமுள்ள ஏழெட்டு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். முன்கூட்டியே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள், காங்கிரீட் போடுகிற நாளாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாருக்கும் செருப்பு வேண்டாம், ஷூ. டேப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கும் சென்ட்ரிங் பலகைக்கும் நடுவில் வைக்கும் கவர் பிளாக் எத்தனை மி.மீ. என்று அளந்து பாருங்கள். சன்ஷேடு கம்பி லிண்டலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது, அடியில் கொடுத்த முட்டுக்கட்டைகளை எப்போது எடுப்பார், லிண்டலுக்கு மேலே சுவர் ஏறுவதற்கு முன்னால் எடுக்கலாமா என்றெல்லாம் அவரிடம் கேளுங்கள். முக்கியமாக இன்னொன்று. மேல் கம்பியைச் சரியாகக் கட்டியிருந்தாலும், காங்கிரீட் போடும்போது ஆட்கள் அதன்மேல் ஏறி மிதித்தால் அது அடியில் போய் உட்கார்ந்துவிடும், நீங்கள் போட்ட படம் மாதிரியே. மிதிபடாமல் இருக்க மேல் கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் 'சேர்' (நாற்காலி) கம்பியை அவர் எத்தனை அடிக்கு ஒன்று வைக்கிறார், யாரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார் என்று கேட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். 34 வருஷம் நடத்தியும் நான் அதைக் கேட்டதில்லை.